விளிம்பில் வாழும் விலங்குகள்

பழைய கிரேக்கக் கோயில்களுக்கு மேலே இருந்தது ஓட்டுக் கூரைதான். அதில் இரண்டு வகை ஓடுகள் உண்டு. அகலமான ஓடுகளை முதலில் பக்கம் பக்கமாக அடுக்குவார்கள். இரண்டு ஓடுகள் சந்திக்கும் இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கக் கூடாது என்பதற்காக, குறுகலான மூடு ஓடுகளை அந்த இடுக்கின்மேல் உச்சிக்கும் இறவாணத்துக்கும் நடுவே வரிசையாகக் கவிழ்த்து வைப்பார்கள். சரி, கூரையின் கீழ் ஓரமான இறவாணத்தில் என்ன ஆகும்? ஒவ்வொரு மூடு ஓட்டு வரிசையும் திறந்த பொந்தாக முடியும். காற்று புகும், சாரல் அடிக்கும், குருவி கூடு கட்டும். அந்தப் பொந்தை அடைக்க ஒரு சுடுமண் துண்டை வைத்தார்கள். அந்தத் துண்டில்தான் மெதூசா குடியேறினாள்.

முழு உருவம் இல்லை, வெட்டுப்பட்ட தலை மட்டும். வட்டமான, மிகவும் அகன்ற முகம். பிதுங்கிய கண்கள். கன்னம்வரை விரிந்த வாய், அதன் ஓரங்களில் பன்றிக்கு இருப்பது போன்ற கோரைப் பற்கள், மோவாய்மேல் தொங்கும் நாக்கு. சில முகங்களில் தாடிகூட இருக்கிறது. இத்தாலியின் தெற்கே கிரேக்கர்கள் குடியேறிய தாராஸ் நகரத்தில் (இன்று அதன் பெயர் தாரந்தோ) கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட முகங்களை ஏராளமாகச் செய்திருக்கிறார்கள். சிசிலியிலும் கிடைக்கின்றன. வெளிர்மஞ்சள் முகம், கறுப்புக் கூந்தல், சிவப்பு நாக்கு என்று வண்ணம் தீட்டிய அந்த முகங்கள் இறவாணம் முழுக்க வரிசையாக நின்று, கோயிலை நோக்கி வருபவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெதூசா, கோர்கன்கள் என்ற அரக்கியரில் ஒருத்தி. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள். பெர்செயுஸ் என்ற வீரன் அவள் பக்கம் பார்வையைத் திருப்பாமல் தலையை வெட்டி எடுத்து வந்து அதீனா தேவியிடம் கொடுக்க, அவள் அதைத் தன் மார்பில் அணிந்துகொண்டாள். பகைவனைக் கல்லாக்கும் முகம் நம் பக்கம் இருந்தால் அதைவிட நல்ல காவல் உண்டா? கேடயங்களில் வரைந்தார்கள், நாணயங்களில் பொறித்தார்கள், அடுப்புகளிலும் மதுக்கிண்ணங்களின் உள்பக்கத்திலும்கூட வைத்தார்கள். கிரேக்கப் பானை ஓவியங்களில் தெய்வங்களும் மனிதர்களும் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தெரிவார்கள். ஓடுகிற கோர்கனின் உடலும் பக்கவாட்டில்தான் இருக்கும். ஆனால் முகம் மட்டும் நம்மை நோக்கித் திரும்பியிருக்கும். கண்ணேறு கழிக்கிற முகத்துக்குப் பார்வைதானே உயிர்!

கிரேக்கப் புராண விலங்குகளைக் கொண்ட அலங்காரச் சிற்பங்கள் எல்லாவற்றையும் இந்த ஓட்டை வைத்தே பார்க்கப் பழகிவிட்டேன். கிரிஃபின், ஸ்பிங்ஸ், கோர்கன், பாம்புவால் மனிதர்கள் என்று எதை எடுத்தாலும், அது முதலில் நின்ற இடத்தைத் தேடிப் போனால் ஒரு விளிம்புக்குத்தான் போய்ச் சேர்வோம். கூரையின் ஓரம், கொப்பரையின் வாய், கல்லறைத் தூணின் உச்சி, முக்கோண முகப்பின் கூர்மூலை. ஒரு பொருள் முடிந்து வெளி தொடங்கும் இடம். அங்கே அவற்றுக்கு வேலை இருந்தது. அந்த வேலையும் இடமும் செய்முறையும் சேர்ந்துதான் அவற்றின் உருவத்தைத் தீர்மானித்தன. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னத் தலைகூட முழுக் கட்டடத்தையும் கண்முன் கொண்டுவந்துவிடும்.

வார இறுதிகளில் கொஞ்சம் சுடுமண் வேலை பழகுகிறேன். கோர்கன் முகத்தை ஒருமுறையாவது அச்சில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. களிமண்ணில் முகத்தைச் செதுக்கி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் புதுக் களிமண்ணை அழுத்தினேன். மண் காயும்போது சற்றுச் சுருங்கும், தானாகவே அச்சைவிட்டு விலகும். ஆனால் உள்பக்கமாகக் குடைந்த இடம் ஏதாவது இருந்தால் அங்கே மாட்டிக்கொண்டு கிழிந்துவிடும். கூரான மூக்கின் அடிப்பக்கமும் ஆழமான காது மடலும் அச்சு வேலைக்குப் பகை. இதைக் கைகளால் உணர்ந்த பிறகு தாராஸ் முகங்களைப் பார்த்தால் அவ்வளவு அழகாக இருக்கிறது! கண்கள் மேடு, கன்னங்கள் மேடு, மூக்கு சப்பை, கூந்தல் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள், நாக்கு மோவாயோடு ஒட்டிய பட்டை. எல்லாமே வெளிப்பக்கமாகச் சரிகிறது. எங்கேயும் மாட்டாது. ஒரே அச்சிலிருந்து முகத்துக்குப் பின் முகமாக எடுத்து ஒரு முழு இறவாணத்தை நிரப்பிவிடலாம். மெதூசாவின் கோரமும் குயவரின் வசதியும் இந்த அளவுக்குப் பொருந்திப்போயிருப்பதைக் கண்டதிலிருந்து, பெயர் தெரியாத அந்தக் குயவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஓட்டிலிருந்து முகப்புக்கு, அதாவது கூரையின் இரண்டு சரிவுகளுக்கும் நடுவே சுவரின்மேல் அமையும் முக்கோணத்துக்கு, வருவோம். கோர்ஃபு தீவில் ஆர்டெமிஸ் தேவிக்குக் கட்டிய கோயில், சுமார் கி.மு. 580. அதன் மேற்கு முகப்புச் சிற்பங்கள் இன்று அந்தத் தீவின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த அறைக்குள் நுழைந்தபோது நான் அசந்துபோய்விட்டேன். கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயர மெதூசா, ஒரு முழங்காலை மடக்கி, காற்றில் ஓடுகிறாள். கிரேக்கச் சிற்பிகள் வேகத்தைக் காட்ட முதலில் கண்டுபிடித்த நிலை அது: கால்கள் பக்கவாட்டில் ஓடும், மார்பும் முகமும் நம்மைப் பார்க்கும். இடுப்பில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு கச்சையாக முடிச்சிட்டிருக்கின்றன. தலை முகப்பின் மேல்சட்டத்தையே முட்டுகிறது. இரண்டு பக்கமும் அவள் பிள்ளைகள், பெகாஸஸ் என்ற இறக்கைக் குதிரையும் கிரிசாவோரும். கதைப்படி அவள் தலை விழுந்த பிறகுதான் இந்தப் பிள்ளைகளே பிறந்தார்கள். தலையும் இருக்கிறது, பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கிறார்கள். சிற்பிக்கு அது தடையாகத் தோன்றவில்லை. அவளுடைய முழு வாழ்வும் ஒரே நேரத்தில் நம் எதிரே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்கு இருபுறமும் பெரிய சிறுத்தைகள் இரண்டு படுத்திருக்கின்றன. அவற்றைத் தாண்டி, முக்கோணம் ஒடுங்கும் மூலைகளில், வேறு கதைகளின் மனிதர்கள் சிறுத்துப்போய், கடைசியில் மல்லாந்து கிடக்கிறார்கள். முக்கோண முகப்பு எந்தச் சிற்பிக்கும் தொல்லைதான். நடுவில் உயரம் தாராளமாக இருக்கும், மூலையில் ஒரு சாண்கூட மிஞ்சாது. கோர்ஃபுவில் ஆட்களையே சின்னதாக்கிச் சமாளித்திருக்கிறார்கள். ஏதென்ஸில் இன்னொரு சிற்பி வேறு வழி கண்டுபிடித்தார். அந்நகரின் அக்ரோபோலிஸ் குன்றில் கிடைத்த, கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஒரு சுண்ணக்கல் முகப்பில் மூன்று மனித உடல்கள் ஒட்டி நிற்கின்றன. இடுப்புக்குக் கீழே மூன்றும் பாம்பு வால்களாகிப் பின்னிப் பின்னி மெலிந்துகொண்டே மூலைவரை போகின்றன. யாரையும் குள்ளமாக்க வேண்டாம், யாரையும் படுக்கவைக்க வேண்டாம். பாம்புவாலுக்கு என்றே அளவெடுத்துச் செய்தது போன்ற மூலை. புராணத்தில் பாம்புவால் பிறவிகள் எத்தனையோ காரணங்களால் வந்திருக்கலாம். அவை முகப்புகளில் விரும்பி வரவேற்கப்பட்டதற்கு இந்த மூலைகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கோர்ஃபு மெதூசாவை மண்ணிலிருந்து எடுத்த கதையும் சொல்லத் தகுந்தது. 1911-இல் அகழ்வு நடந்தபோது ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தீவில் இருந்தார். 1907-இல் அங்கே அகிலியோன் அரண்மனையை வாங்கியிருந்தார். செய்தி கேட்டு ஓடிவந்தவர் அகழ்வில் ஆழ்ந்துவிட்டார். தொல்லியலாளர் வில்ஹெல்ம் டோர்ப்ஃபெல்டும் வந்து சேர்ந்தார். முதல் உலகப்போருக்குப் பிறகு முடியிழந்து நெதர்லாந்தில் தங்கியிருந்த காலத்திலும் பேரரசர் கோர்கனை விடவில்லை. அவளைப் பற்றி ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதி 1936-இல் வெளியிட்டார். நாட்டை இழந்த ஒருவரை இறுதிவரை பிடித்துவைத்திருந்தது இந்த முகம்.

எனக்கு மிகவும் பிடித்தவை கிரிஃபின்கள். கழுகுத் தலை, சிங்க உடல், இறக்கைகள். அண்மைக் கிழக்கு நாடுகளின் கலையில் பழங்காலத்திலிருந்தே உலவிய உருவம் இது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வெண்கலத் தொழிலாளர்கள் இதை எடுத்து, கழுத்தும் தலையும் மட்டுமாக வெட்டி, பெரிய கொப்பரைகளின் தோளில் வெளியே பார்க்கிறபடி பொருத்தினார்கள். ஒலிம்பியாவிலும் சமோஸ் தீவின் ஹேரா தேவி கோயிலிலும் இத்தகைய தலைகள் நிறையவே கிடைத்திருக்கின்றன. கோயிலுக்கு நேர்ந்துகொண்டு கொடுத்த கொப்பரைகள், யாரும் அவற்றில் சமைக்கவில்லை.

ஒரு தலையை அருகிலிருந்து பாருங்கள். வளைந்த அலகு அகலத் திறந்திருக்கிறது. உள்ளே நாக்கு மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது. நெற்றிக்கு மேலே குமிழ் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. குதிரைக் காதுகள் நெட்டுக்குத்தாக நிமிர்ந்திருக்கின்றன. கழுத்து முழுக்கச் செதில், அதன்மேல் இருபுறமும் சுருள் முடி வழிகிறது. கண்குழி வெறுமையாக இருக்கிறது, ஒரு காலத்தில் அதில் வேறு பொருளால் விழி பதித்திருந்தார்கள். கொப்பரையைச் சுற்றி இப்படி ஆறு தலைகள் நின்றால் எந்தப் பக்கத்திலிருந்து போனாலும் ஏதோ ஒரு கிரிஃபின் உங்களைப் பார்த்து அலறும்.

தொடக்ககாலத் தலைகளை மெல்லிய வெண்கலத் தகட்டைத் தட்டித் தட்டி எழுப்பினார்கள். தகடு நசுங்காமல் இருக்க உள்ளே நிலக்கீல் போன்ற பிசினை நிரப்பினார்கள். இந்தத் தலைகள் பருத்து, கொஞ்சம் சாதுவாக இருக்கும். தகட்டை ஓர் அளவுக்குமேல் இழுக்க முடியாது, கிழிந்துவிடும். அப்புறம் மெழுகு வார்ப்பு வந்தது. மெழுகில் தலையைச் செய்து, மண் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றினார்கள். அதன்பின் கழுத்து நீண்டது, காது உயர்ந்தது, அலகு இன்னும் விரிந்தது, நாக்கு மெலிந்தது. நமக்குக் கிரிஃபின் என்றதும் நினைவுக்கு வருகிற வெறி பிடித்த முகம் வார்ப்பில் பிறந்தது. கொப்பரையின் வயிற்றை மட்டும் தொடர்ந்து தகட்டில் தட்டியே செய்து, வார்த்த தலைகளை அதில் ரிவிட் அடித்துப் பொருத்தினார்கள். ஒரே பாத்திரத்தில் இரண்டு தொழில்கள்.

பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இந்தக் கொப்பரைகளில் ஒன்றைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கோலாயோஸ் என்பவரின் சமோஸ் கப்பல் எகிப்துக்குப் புறப்பட்டு, கீழைக்காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, ஹெராக்ளிஸின் தூண்கள் எனப்படும் இன்றைய ஜிப்ரால்டரைத் தாண்டி, ஸ்பெயினின் தெற்கே இருந்த தார்த்தெஸ்ஸோஸில் கரை சேர்ந்தது. அதுவரை கிரேக்க வணிகர்கள் அதிகம் தொடாத சந்தை. பெரும் லாபத்தோடு திரும்பினார்கள். அதில் பத்தில் ஒரு பங்காகிய ஆறு தாலந்தை (தாலந்து என்பது பணத்துக்கான பெரிய எடை அளவு) எடுத்து ஒரு வெண்கலப் பாத்திரம் செய்து ஹேராவுக்குக் கொடுத்தார்கள். அதன் விளிம்பைச் சுற்றிக் கிரிஃபின் தலைகள் வரிசையாக நின்றன. ஏழு முழ உயரத்தில் முழந்தாளிட்ட மூன்று வெண்கல உருவங்கள் அதைத் தாங்கின. அந்தப் பாத்திரம் இப்போது இல்லை. ஆனால் அதே கோயிலின் மண்ணிலிருந்து வந்த தலைகளைப் பார்க்கும்போது, உலகத்தின் விளிம்புவரை போய்த் தப்பித்து வந்தவர்கள் தங்கள் நன்றிக்குக் கிரிஃபினைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும். வடக்கே உலகம் முடிகிற இடத்தில் கிரிஃபின்கள் தங்கத்தைக் காவல் காக்கின்றன, ஒற்றைக்கண் அரிமாஸ்பர்கள் அதைத் திருடப் பார்க்கிறார்கள் என்ற கதையையும் அதே ஹெரோடோட்டஸ்தான் சொல்கிறார்.

மத்திய ஆசியப் பாலைவனத்தில் கிடந்த டைனோசர் எலும்புகளைப் பார்த்துத்தான் கிரிஃபின் பிறந்தது என்று ஒரு கருத்து உண்டு. கேட்கச் சுவையாக இருக்கிறது, இணையத்தில் அடிக்கடி கண்ணில் படுகிறது. எனக்கு நம்பிக்கையில்லை. கிரேக்கர்கள் அந்த வடக்குக் கதைகளைக் கேள்விப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அண்மைக் கிழக்குக் கலையில் இந்த உருவம் முழுமையாக இருக்கிறது. கழுகையும் சிங்கத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு கலைஞருக்கு எலும்பு தேவையில்லை.

ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலத் தகடு இருக்கிறது, கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அதில் ஒரு தாய்க் கிரிஃபின் நிற்கிறது. அதன் வயிற்றடியில் ஒரு குட்டி ஒண்டிக்கொண்டிருக்கிறது. தாயின் அலகு வழக்கம்போல அகலத் திறந்து மிரட்டுகிறது. கொப்பரையில் வெறும் கோபமாகத் தெரிந்த அதே முகத்தை இங்கே பார்த்தால் காரணம் புரிகிறது. கிரேக்க வீரர்கள் கோர்கனைக் கொன்றார்கள், சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த கைமேராவைக் கொன்றார்கள், பாதி மனிதன் பாதி குதிரையான கென்டார்களோடு மல்லுக்கட்டினார்கள். கிரிஃபினைக் கொன்று பெயர் வாங்கிய பெரிய வீரன் எவனும் இல்லை. கலைஞர்கள் அதை வளர்த்துக்கொண்டதற்கு அந்தச் சுதந்திரமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஸ்பிங்ஸ் என்றதும் எல்லோரும் அது ஈடிபஸ் என்ற வீரனிடம் கேட்ட விடுகதைக்குப் போய்விடுவார்கள். கல்லில் இருக்கிற கிரேக்க ஸ்பிங்ஸ் எதையும் கேட்பதில்லை, உட்கார்ந்து பார்க்கிறது. டெல்பியில் நாக்ஸோஸ் தீவுக்காரர்கள் சுமார் கி.மு. 560-இல் வைத்த ஸ்பிங்ஸ் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். அதை அயோனியத் தலைப்புள்ள தூணின் உச்சியில் ஏற்றியிருந்தார்கள். தரையிலிருந்து மொத்த உயரம் பன்னிரண்டு மீட்டருக்கும் அதிகம். கல்லும் நாக்ஸோஸ் தீவின் பளிங்கே. பெண் முகம், சிங்க உடல், அரிவாளாக வளைந்து மேலெழும் இறக்கைகள், நெஞ்சில் செதில் செதிலாக இறகு. எகிப்தில் படுத்திருந்த ஆண் ஸ்பிங்ஸ் கிரேக்கத்துக்கு வந்து பெண்ணாகி, இறக்கை முளைத்து, எழுந்து உட்கார்ந்துவிட்டது. தூணின் உச்சிக்குப் படுக்கிற உருவத்தைவிடக் குந்தியிருக்கிற உருவம்தான் பொருந்தும். இன்று டெல்பி அருங்காட்சியகத்தில் அதை முகத்துக்கு முகம் பார்க்கலாம். ஆனால் செய்தவர் அதை அண்ணாந்து பார்க்கத்தான் செய்தார்.

அட்டிகா பகுதியின் செல்வர்கள் இதையே தங்கள் கல்லறைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். உயரமான கல்பலகை, அதன் உச்சியில் ஒரு ஸ்பிங்ஸ். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்று நாலு மீட்டருக்கும் மேல் உயரம், சுமார் கி.மு. 530. பலகையில் ஓர் இளைஞனும் அவன் பக்கத்தில் பூ ஏந்திய சிறுமியும். இறந்த அன்பு மகனுக்குத் தந்தையும் தாயும் சேர்ந்து இதை வைத்தார்கள் என்று அடியில் எழுதியிருக்கிறது. மகன் பெயரின் தொடக்கம் மட்டும் மிஞ்சியிருப்பதால் மெகாக்லிஸ் என்று ஊகிக்கிறார்கள். தெசாலியில் கிடைத்த ஒரு கல்லறைப் பாட்டு ஸ்பிங்ஸை, பாதாளத் தெய்வமான ஹேடஸின் நாயே என்று அழைத்து, யாரைக் காத்து இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிறது. அந்த ஒற்றை வரியில் அதன் வேலை முழுவதும் அடங்கிவிட்டது. இருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் நடுவே உள்ள கோட்டில் உட்கார்ந்திருக்கும் காவல் விலங்கு அது.

கி.மு. 480-இல் பாரசீகர்கள் ஏதென்ஸை அழித்தார்கள். திரும்பி வந்த மக்கள் தங்கள் தலைவர் தெமிஸ்டோக்ளிஸின் சொல்படி அவசர அவசரமாக நகர மதில் எழுப்பியபோது கையில் கிடைத்த கல்லையெல்லாம் அடுக்கினார்கள். கல்லறைக் கற்களும் அதற்குள் போயின என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். பல கல்லறைச் சிற்பங்கள் நமக்கு ஓரளவு நல்ல நிலையில் கிடைப்பதே மதிலுக்குள் புதைந்து கிடந்ததால்தான்.

இவற்றுக்கெல்லாம் மூத்த ஒரு சிறு உருவத்தை விட்டுவிட மனமில்லை. யூபோயா தீவின் லெஃப்கண்டியில் கிடைத்த கென்டார், கி.மு. 10-ஆம் நூற்றாண்டு, 36 சென்டிமீட்டர். தலை ஒரு கல்லறையிலும் உடல் இன்னொரு கல்லறையிலும் கிடைத்தன. குதிரை உடல் குயவர் சக்கரத்தில் சுழற்றி எடுத்த ஒரு பொள்ளல் குழாய். அதாவது உடலே ஒரு பானை. அதில் காலையும் மனித மார்பையும் ஒட்டி, மேலே வடிவங்கள் தீட்டியிருக்கிறார்கள். முழங்காலில் வேண்டுமென்றே கீறிய ஒரு வெட்டு இருக்கிறது. அம்பு பட்டுக் காயம்பட்ட ஞானி கைரோன்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் எழுத்தில் வந்த கதைகளுக்கு முன்னரே மண் அந்தக் கதையைச் சொல்லிவிட்டது.

பிற்காலத்தில் இவை இடம் மாறின. இஸ்தான்புல்லில் பேரரசர் ஜஸ்டீனியன் காலத்தில், 532 வாக்கில் கட்டிய நிலத்தடி நீர்த்தேக்கத்தில் 336 தூண்கள். மூலையில் இரண்டு தூண்களுக்கு அடியில் மெதூசா தலைகள், ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில். ஏதோ ரோமானியக் கட்டடத்திலிருந்து பெயர்த்து வந்தவை. பார்வையின் சக்தியை முறிக்கத்தான் புரட்டி வைத்தார்கள் என்று அங்கே சுற்றிக்காட்டுபவர்கள் சொல்கிறார்கள். தூணின் உயரத்தைச் சரிக்கட்ட எந்தப் பக்கம் தோதோ அந்தப் பக்கம் வைத்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை விளக்கொளியில் பார்த்தபோது மனம் வலித்தது. இறவாணத்தில் எல்லோரையும் நேர்நின்று பார்த்தவள் தண்ணீருக்கடியில், இருட்டில்.

வேலையை இழக்காதவையும் உண்டு. ரோமில் பெர்னினி 1642–43-இல் செய்த டிரைட்டன் நீரூற்றில் கடல்தேவன் சங்கை வானம் பார்த்து ஊதுகிறான், சங்கிலிருந்து தண்ணீர் பாய்கிறது. நான்கு டால்பின்கள் வாலால் அவனைத் தாங்குகின்றன. குழாய் முடிகிற இடத்தில் அந்த உருவத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. நாற்சந்தி இரைச்சலுக்கு நடுவில் அது இன்றும் உயிரோடு இருப்பது அதனால்தான்.

அதற்கடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் எலினோர் கோட் என்ற பெண்மணி 1769-இல் லண்டன் லாம்பெத்தில் செயற்கைக் கல் தொழில் நடத்தத் தொடங்கினார். பெயர்தான் கல், உண்மையில் அது சுடுமண். களிமண்ணோடு, ஏற்கெனவே சுட்டுப் பொடித்த மண், பொடித்த தீக்கல், மணல், கண்ணாடித் தூள் எல்லாம் சேர்த்து, அச்சில் அழுத்தி, 1,100 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் சுட்டார்கள். சுட்டபின் சுருக்கம் குறைவு, மழைக்கும் பனிக்கும் அசையாது. மாளிகைத் தோட்டங்களுக்கும் வாசல்களுக்கும் ஸ்பிங்ஸும் சிங்கமும் கிரிஃபினும் அச்சச்சாகப் போயின. குரூம் மாளிகைத் தோட்டத்தில் 1795-ஆம் ஆண்டின் கோட் ஸ்பிங்ஸ்கள் இருக்கின்றன. அச்சில் எடுத்தால் அது கலையா என்று கேட்பவர்களிடம் நான் தாராஸ் ஓடுகளைக் காட்டுவேன். இந்த விலங்குகள் தொடக்கத்திலிருந்தே அச்சில் பெருகியவை. இன்று ரெசினிலும் சிமென்டிலும் வருகிற தோட்டச் சிற்பங்களை அச்சு வேலை என்பதற்காக மட்டும் நான் ஒதுக்கமாட்டேன். என் வருத்தம், அவற்றைப் புல்தரையின் நடுவில், எதையும் காக்காமல், எதையும் முடிக்காமல் வைத்துவிடுவதுதான். ஒரு கிரிஃபினை மதில் முடியும் தூணில் ஏற்றிப் பாருங்கள், அதே மலிவு வார்ப்பு நிமிர்ந்துவிடும்.

இன்னொரு வருத்தமும் உண்டு, நிறம். கடைகளில் எல்லாம் வெள்ளை, அல்லது பழுப்பேற்றிய சாம்பல். கிரேக்கர்கள் யாரும் இவற்றை வெள்ளையாகப் பார்த்ததில்லை. மேலே சொன்ன அக்ரோபோலிஸின் மூன்றுடல் பாம்பு மனிதர்களைக் கண்டெடுத்தபோது அவர்கள் தாடியில் நீலம் அப்படியே இருந்தது. நீலத்தாடி என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மெகாக்லிஸ் கல்லறையின் ஸ்பிங்ஸில் மிஞ்சிய வண்ணத் துணுக்குகளை ஆராய்ந்து, வின்சென்ஸ் பிரிங்க்மனும் உல்ரிக்கே கோஹ்–பிரிங்க்மனும் அதை முழு வண்ணத்தில் மீட்டுருவாக்கினார்கள். 2022-இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது. சிவப்பும் நீலமுமாக இறக்கைகள் பளபளத்தன. கண்ணைப் பறிக்கிறது, மலிவாக இருக்கிறது என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு மீட்டர் உயரத்தில், வெயிலில், தூரத்துச் சாலையில் வருகிறவருக்குத் தெரிய வேண்டிய காவல் விலங்குக்கு அந்த நிறம் தேவைதான். இறகுக்கும் இறகுக்கும் நடுவில் உள்ள கோடுகூட வண்ணம் இருந்தால்தான் அங்கிருந்து பிரிந்து தெரியும்.

அதனால் வாசலுக்கு ஒரு ஸ்பிங்ஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் தயங்காமல் வாங்கச் சொல்கிறேன். கூடவே சிவப்பில் ஒரு டப்பாவும் நீலத்தில் ஒரு டப்பாவும் வாங்கச் சொல்கிறேன். இறகுகளுக்கு இரண்டையும் மாற்றி மாற்றித் தீட்டலாம், உதட்டுக்குச் சிவப்பு, கண்ணுக்கும் கூந்தலுக்கும் கறுப்பு. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி, கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.